தோகை தெரிகிறது, தாளம் கேட்கவில்லை

ஆஸ்திரேலியாவின் மயில் சிலந்தி ஓர் அரிசி மணியளவுதான் இருக்கும். சருகின் மேல் துள்ளினால் தூசி என்றே கண் கடந்துபோகும். 1874இலேயே அறிவியல் பெயர் பெற்ற இனம் ‘மராட்டஸ் வோலன்ஸ்’. ஆனாலும் உலகம் அதை வியந்து பார்த்தது சிற்றுண்ணி ஆய்வாளர் யூர்கன் ஓட்டோவின் கேமராவழியேதான். 2005இல் சிட்னிக்கு வடக்கே கூரிங்கை சேஸ் தேசியப் பூங்காவில் அது அவர் காலடியில் துள்ளியது.

எட்டுக்கால் பூச்சி என்றதும் துடைப்பத்தைத் தேடும் கை, இந்தப் படங்களின் முன் தயங்கி நிற்கிறது. மேக்ரோ லென்ஸின் முதல் சாதனையாக இதைத்தான் சொல்வேன். ஆண் சிலந்தி வயிற்றுத் தோகையை நிமிர்த்தும் கணத்தில் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் தெரிகிறது. சிவப்பு நிறமியால் வருவது. நீலமோ செதிலின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுப் பிறப்பது. வெறுங்கண்ணுக்கு எட்டாத இந்த வேறுபாட்டை யோசிக்கத் தூண்டுவதே படம்தான்.

ஆனால் இவ்வளவு நெருக்கத்தில் ஃபோகஸில் நிற்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழம். கண் தெளிந்தால் கால் மங்கும். அதனால் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறார்கள். அதற்குச் சிலந்தி அசையக்கூடாது. அதற்காகப் பூச்சிகளைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்பவர்களும் உண்டு. எனக்கு இது அறவே உடன்பாடில்லை. துள்ளுவதே இயல்பான உயிரை விறைக்கவைத்து எடுத்த படத்தில் எத்தனை தெளிவு இருந்தாலும், அதன் கால்கள் நிற்கும் விதமே பொய்.

இன்னும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஆண் தோகையை ஆட்டுவதோடு நிற்பதில்லை; வயிற்றை அதிரவைத்து, தரைவழியே பெண்ணுக்குத் தாளமும் அனுப்புகிறது. அவள் கண்ணாலும் காலாலும் சேர்த்தே அவனை எடைபோடுகிறாள். நாம் பாதியை மட்டும் பார்த்துவிட்டு அழகு என்கிறோம். ஓட்டோவின் நிழற்படங்களைவிட அவருடைய வீடியோக்களை நான் உயர்வாக மதிப்பது இதனால்தான். மூன்றாம் காலிணை உயர்வதும், பக்கவாட்டில் நகர்வதும், நின்று மறுபடி தொடங்குவதும் அவற்றில் இருக்கின்றன.

பெண் சிலந்தியோ பழுப்பு நிறம் என்பதால் பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறாள். 2021இல் பெயர் பெற்ற ‘மராட்டஸ் நீமோ’வின் ஆணுக்கும் தோகை வண்ணம் கிடையாது, முகத்தில் மட்டும் ஆரஞ்சும் வெள்ளைக் கோடுகளும். ஆர்வலர் ஒருவர் எடுத்த படம்தான் அது புதிய இனமோ என்ற கேள்வியை எழுப்பியது. அதை உறுதிசெய்ய உயிருள்ள சிலந்திகளையே ஆய்வாளரிடம் அனுப்ப வேண்டியிருந்தது.