பேரவைக்கு வெளியே நடக்கும் ஆய்வு

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றியவற்றில் இரண்டு சட்டமுன்வடிவுகள் தனியாக எடுத்துப் படிக்கத் தக்கவை. ஒன்று, தொழிற்சாலைகள் சட்டத்துக்கான தமிழ்நாடு திருத்தம். மற்றது, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு முன்வடிவு. முதலாவதைக் கண்டித்து ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. பத்து நாளில் அது கைவிடப்பட்டது. இரண்டாவது விவாதமே இல்லாமல் நிறைவேறி, ஆளுநரின் ஒப்புதலையும் பெற்றுச் சட்டமாயிற்று. செய்தியாகப் பார்த்தால் ஒன்று தோல்வி, ஒன்று வெற்றி. சட்டமியற்றும் முறையை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் இரண்டிலும் இருப்பது ஒரே குறைதான்.

ஒரு முன்வடிவை அதன் அரசியல் நோக்கத்தை வைத்து மட்டும் மதிப்பிட நான் தயாரில்லை. நல்ல நோக்கம் கொண்ட மோசமான வரைவுகளும், ஏற்க முடியாத நோக்கத்தை நேர்மையாக எழுதிய வரைவுகளும் உண்டு. அமைச்சர் அவையில் சொல்வது வாசகத்தில் இருக்கிறதா, அரசுக்குத் தரப்படும் அதிகாரத்துக்கு எல்லை வகுக்கப்பட்டிருக்கிறதா, கோரிக்கைக்குப் பின்னால் தரவு உண்டா, அவை அதைப் படித்ததா என்பவையே கேட்க வேண்டியவை. கடைசிக் கேள்விக்குத்தான் நம் பேரவை தொடர்ந்து தவறான விடையளித்து வருகிறது.

தொழிற்சாலைகள் திருத்தத்தைப் பொதுவெளி ‘12 மணி நேர வேலைச் சட்டம்’ என்றே அழைத்தது. எதிர்த்தவர்கள் 12 மணி நேரத்தை எதிர்த்தார்கள். ஆதரித்த அமைச்சர்கள் நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்று விளக்கினார்கள்; வாரத்துக்கு 48 மணி என்ற உச்சவரம்பு மாறாது, விரும்பும் தொழிலாளர்களுக்கும் குறிப்பிட்ட சில தொழில்களுக்கும் மட்டுமே பொருந்தும் என்றார்கள். முன்வடிவில் அந்த 12 இல்லை. நான்கு நாளும் இல்லை, விருப்பமும் இல்லை, தொழில்களின் பட்டியலும் இல்லை. அதில் இருந்ததெல்லாம் 65ஏ என்ற புதிய பிரிவு ஒன்றே. எந்தத் தொழிற்சாலையையும் அல்லது தொழிற்சாலைகளின் எந்தத் தொகுதியையும் 1948ஆம் ஆண்டின் மூலச் சட்டத்தின் 51, 52, 54, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து அறிவிக்கை மூலம் விலக்கும் அதிகாரத்தை அது அரசுக்கு அளித்தது. இந்தப் பிரிவுகள் முறையே வார வேலை நேரம், வார விடுமுறை, அன்றாட வேலை நேரம், இடைவேளை உட்பட ஒருநாள் வேலையின் மொத்த நீட்சி, மிகைநேர வேலைக்கான இரட்டிப்பு ஊதியம் ஆகியவற்றுக்குரியவையாக இருந்தன. அமைச்சர்கள் ‘மாறாது’ என்று உறுதியளித்த 48 மணி வரம்பு இருந்தது 51ஆவது பிரிவில். விலக்கத்தக்கவற்றின் பட்டியலில் முதலில் நின்றதும் அதுவே.

வரைவுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடலாம். முதலீடு தேடி மாநிலங்கள் போட்டியிடும் காலத்தில் மின்னணு, காலணித் துறை நிறுவனங்கள் நெகிழ்வான வேலை நேரம் கேட்பது உண்மை. அக்கேள்விக்கு ஓர் அரசு விடை தேடுவது குற்றமல்ல. நிபந்தனைகளுக்கும் கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டே விலக்கு அளிக்கப்படும் என்ற வாசகமும் அதில் இருந்தது. ஆனால் அந்த நிபந்தனைகளை வகுக்கும் பொறுப்பும் விலக்களிக்கும் அதே அரசிடமே விடப்பட்டது. இரண்டு மாதங்களுக்கு முன் கர்நாடகம் இதே நோக்கத்துக்காக இதே சட்டத்தைத் திருத்தியது. தொழிலாளர் நலன் என்ற நோக்கில் அத்திருத்தத்தை நான் ஏற்கவில்லை. காலாண்டுக்கு 75 மணியாக இருந்த மிகைநேர வரம்பை அது ஏறத்தாழ இரு மடங்காக்கியது. ஆயினும் நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி, தொழிலாளியின் எழுத்துபூர்வ ஒப்புதல் என எண்களும் நிபந்தனைகளும் வாசகத்திலேயே இருந்தன. எதிர்ப்பவருக்கும் வழக்காடுபவருக்கும் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்தது. தமிழ்நாட்டு வரைவு அதையும் தரவில்லை.

இதைவிட வியப்பு, உச்ச நீதிமன்றத்தின் அண்மைக் காலத் தீர்ப்பு ஒன்று வரைவாளர்களின் கண் முன்னே இருந்தது. கொரோனா காலத்தில் குஜராத் அரசு தொழிற்சாலைகளுக்கு வேலை நேரத்திலும் மிகைநேர ஊதியத்திலும் விலக்களித்தது. மூலச் சட்டத்தின் 5ஆவது பிரிவைத்தான் அதற்குப் பயன்படுத்தியது. அப்பிரிவு பொது நெருக்கடிக்கு மட்டும் உரியதாக இருந்தது. ஒரு தடவைக்கு மூன்று மாதம் என்ற எல்லையும் அதற்கு இருந்தது. இருந்தும் 2020 அக்டோபர் 1 அன்று நீதிமன்றம் அந்த விலக்கை ரத்துசெய்தது. பொருளாதார மந்தம் பொது நெருக்கடி ஆகாது என்றது. எல்லைகள் உள்ள அதிகாரமே இப்படி வீழ்ந்த பிறகு, நெருக்கடியும் காலவரம்பும் தேவைப்படாத நிரந்தர அதிகாரம் ஒன்றை எழுதினால் அது நீதிமன்றத்தில் எப்படி நிற்கும் என்று அவையில் யாராவது துறையைக் குடைந்திருக்க வேண்டும். தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் உள்ள துறை. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலத் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வரைவின் அவசரம் இன்னும் விளங்காததாகிறது. நாடாளுமன்றத்தில் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை எதிர்த்த கட்சியே இதைக் கொண்டுவந்தது என்பது அரசியல் முரண். அதைப் பிறர் போதுமான அளவு பேசிவிட்டார்கள்.

குரல் வாக்கெடுப்பில் முன்வடிவு நிறைவேறியது. குரல் வாக்கெடுப்பில் யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவு மிஞ்சாது. மூன்று நாள் கழித்து அது நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தை இதே நகரில் நடத்தி அன்றோடு நூறாண்டு. தொழிற்சங்கங்களுக்கு இது நியாயமான வெற்றி. எதிர்ப்பைக் கேட்டுப் பின்வாங்கிய அரசுக்கும் அந்த அளவில் பாராட்டு உரியது. ஆனால் பேரவை வாக்களித்து நிறைவேற்றியதை ஒரு பூங்கா உரை இல்லாமலாக்கிவிட்டது என்பதில் அவையின் மதிப்பு எவ்வளவு என்ற கணக்கும் அடங்கியிருக்கிறது.

இதே தொழிலாளர் துறை நல்ல வரைவும் எழுதியிருக்கிறது. 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை வேண்டும் என்றது. தி. நகர் ஜவுளிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே விற்கும் பெண்களைப் பார்த்த எவருக்கும் அதன் அவசியத்தை விளக்க வேண்டாம். கேரளம் 2018இலேயே செய்ததைப் பின்பற்றியது என்றாலும், சின்னத் திருத்தம், தெளிவான கடமை, யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதில் ஐயமில்லை. குறை, வேலையினூடே உட்கார வாய்ப்பு அமையும்போது என்ற நிபந்தனையில் இருக்கிறது. வாய்ப்பு அமைந்ததா என்று தீர்மானிப்பவர் கடை மேலாளர்தானே? குழு நிலை ஆய்வில் சாதாரணமாகவே பிடிபட்டிருக்கும் ஓட்டை இது. அந்த நிலையை இந்த முன்வடிவும் காணவில்லை.

சட்டமாகி நீதிமன்றம் வரை போன இரண்டை அருகருகே வைத்தால் தரவின் மதிப்பு புலப்படும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 செப்டம்பரில் நிறைவேறியது. அதற்கு முன்பே நீதியரசர் பி. கலையரசன் குழு ஆய்ந்து 10 விழுக்காடு பரிந்துரைத்திருந்தது; அரசு அதைக் குறைத்துக்கொண்டது. ஆளுநரின் ஒப்புதல் தாமதமானபோது அரசாணை வெளியிட்டு அரசு முந்திக்கொண்டது. மறுநாளே ஒப்புதலும் வந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிசெய்தது. வன்னியருக்கான 10.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021 பிப்ரவரி 26 அன்று நிறைவேறியது. அன்றைக்கே தேர்தல் தேதியும் அறிவிக்கப்பட்டது. சாதிவாரித் தரவு திரட்ட நீதியரசர் ஏ. குலசேகரன் தலைமையில் சில மாதங்களுக்கு முன் அமைத்த ஆணையத்தின் பணி முடியக்கூட அரசு காத்திருக்கவில்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே ஆண்டு நவம்பர் 1 அன்று அந்தச் சட்டத்தை ரத்துசெய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் ரத்தை உறுதிசெய்தது. இங்கே கவனிக்க வேண்டியது, உள்ஒதுக்கீடு செய்ய மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை என்ற உயர் நீதிமன்றத்தின் கருத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை என்பது. சட்டம் வீழ்ந்தது அதிகாரக் குறையால் அல்ல. மக்கள்தொகை விகிதம் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு, பழைய தரவை வைத்து எழுதியதால் வீழ்ந்தது. கோரிக்கையில் நியாயம் இருந்திருந்தாலும் அதை நிலைநாட்டும் வழியை அவசரம் அடைத்துவிட்டது.

நல்ல முறை எப்போதும் வெல்லும் என்றும் நான் சொல்ல வரவில்லை. நீட் விலக்கு முன்வடிவுக்குப் பின்னால் நீதியரசர் ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கை இருந்தது. பேரவை அதை 2021 செப்டம்பரில் ஒருமுறையும், ஆளுநர் திருப்பியனுப்பிய பின் 2022 பிப்ரவரியில் மறுமுறையும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டது. வரைவின் தரம் ஒன்று, விளைவு இன்னொன்று. திறனாய்வு முதலாவதையே எடைபோட முடியும். அந்த எடையில் நீட் முன்வடிவு 10.5 விழுக்காட்டுச் சட்டத்தை விட வெகு மேலே நிற்கிறது.

நில ஒருங்கிணைப்புச் சட்டம் ஒரு நிஜச் சிக்கலைத் தொடுகிறது. பெருந்திட்டத்துக்கென எடுக்கும் நிலத்தின் நடுவே ஏரியோ ஓடையோ வாய்க்காலோ குறுக்கிட்டால் என்ன செய்வது என்பதற்கு நடைமுறை தேவை. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டம், வல்லுநர் குழுவின் பரிசீலனை என்று 65ஏ பிரிவில் இல்லாத ஒழுங்கு இதில் இருக்கிறது. ஆனால் வல்லுநர் குழுவை அமைப்பது திட்டத்தை விரும்பும் அரசே. ஏரிப் பாசன நாட்டில் நீர்நிலையின் விதியை மாற்றும் சட்டம் ஒரு கேள்விகூட இல்லாமல் நிறைவேறியதை என்னவென்பது? புதிய விமான நிலையம் திட்டமிடப்பட்ட பரந்தூர் வட்டாரத்தின் ஏரிகள் அன்றைக்கே பேச்சில் இருந்தன. விவசாயச் சங்கங்கள் எதிர்த்தது முன்வடிவு நிறைவேறிய பிறகு. அப்போது வாசகத்தைத் திருத்தும் வேளை கடந்திருந்தது.

முன்வடிவுகளுக்கு ஒப்புதல் தராமல் வைத்திருந்த ஆளுநர் பற்றிய வழக்கு நம் கவனத்தை இன்னொரு பக்கம் இழுத்துச் சென்றது. பத்து முன்வடிவுகள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்ற 2025 ஏப்ரல் 8 தீர்ப்பும், காலவரம்பு விதிக்கவோ ஒப்புதல் பெற்றதாகக் கருதவோ நீதிமன்றத்தால் இயலாது என்ற நவம்பர் மாத ஐவர் அமர்வின் கருத்தும் முதன்மையானவை. முன்வடிவுகளை ஆண்டுக்கணக்கில் முடக்கியது தவறு என்பதிலும் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பத்தில் பலவும் துணைவேந்தர் நியமன அதிகாரத்தை வேந்தரான ஆளுநரிடமிருந்து அரசுக்கு மாற்றுவன. தேர்வு முறை அதனால் மேம்படுமா என்று வாசகத்தை எடுத்துப் படித்தவர்கள் எத்தனை பேர்? ராஜ்பவன் மீதான சினத்தில் இந்தக் கேள்வி அமுங்கிப்போனது.

மேலவை 1986இல் ஒழிக்கப்பட்டபின் பேரவையின் ஒரே வாசிப்புதான் முன்வடிவுக்குக் கிடைக்கும் வாசிப்பு. கட்சித் தாவல் தடையின் கீழ் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். இந்த இரண்டும் சேர்ந்த நிலையில் குழு ஆய்வு கூடுதல் அலங்காரம் அல்ல; கட்சிக் கட்டுப்பாடு தளரக்கூடிய ஒரே அறை அதுதான். கேரளச் சட்டமன்றம் 1980 முதல் துறைவாரிக் குழுக்களுக்கு முன்வடிவுகளை அனுப்பி வருகிறது. அதை மாதிரியாகத் தூக்கிப் பிடிப்பவர்கள், அக்குழுக்களுக்கு உரிய துறை அமைச்சரே தலைவர் என்பதைச் சொல்வதில்லை. தன் முன்வடிவுக்குத் தானே தலைமை தாங்கும் அமைச்சரிடம் எவ்வளவு கண்டிப்பை எதிர்பார்க்க முடியும்? இருந்தாலும், பிரிவு வாரியாகப் படிக்கும் ஒரு மேசையும், மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்யும் ஓர் ஏடும் அங்கே இருக்கின்றன. இங்கே தெரிவுக்குழுவுக்கு அனுப்ப விதிகள் இடம் தருகின்றன. அதைப் பயன்படுத்தும் வழக்கம் தேய்ந்துவிட்டது.

2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகங்கள் திருத்த முன்வடிவு நிறைவேறியது. பல்கலைக்கழகம் தொடங்க 100 ஏக்கர் என்றிருந்த நிலத் தேவையை மாநகராட்சிப் பகுதியில் 25 ஏக்கர் வரை குறைத்த அது, இயங்கிவரும் கல்லூரிகள் பல்கலைக்கழகமாக மாறவும் வழி திறந்தது. அரசு உதவிபெறும் கல்லூரிகளும் அந்த வழியே போய்விடும் என்று கல்வியாளர்களும் ஆசிரியர் சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தபோது, மறு ஆய்வு செய்யப்படும் என்று அமைச்சர் அறிவித்தார். முதல் ஆய்வை நடத்தாத அவை நிறைவேற்றியதற்கு மறு ஆய்வு. நகர்ப்புறத்தில் 100 ஏக்கர் கிடைக்காது என்ற அரசின் வாதம் ஆராயத் தக்கது. உதவிபெறும் கல்லூரிகளை விலக்கும் ஒரே ஓர் உட்பிரிவு இருந்திருந்தால் எதிர்ப்பில் பாதி எழுந்தே இருக்காது. அந்த உட்பிரிவைக் கோரும் திருத்தத்தைக் கொண்டுவர உரிமை பெற்றிருந்தவர்கள் 234 உறுப்பினர்கள்.