எலிக்குப் பயம் போன கதை

எலிக்குப் பயம் போன கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆபீஸ் கேண்டீனில், பெங்களூர் போகும் ரயிலில், ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூட. டாக்ஸோபிளாஸ்மா என்று ஓர் ஒருசெல் உயிரி. பூனைக் குடும்பத்து விலங்குகளின் குடலில் மட்டும்தான் அது ஆண், பெண் என்று பிரிந்து இனம் பெருக்க முடியும். ஆனால் இப்போது எலிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. பூனைக்குள் எப்படிப் போவது? எலியின் மூளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, பூனை மீதான பயத்தை மட்டும் அழித்துவிடுகிறது. பூனை மூத்திர வாடைக்கு ஓடவேண்டிய எலி அந்த வாடையைத் தேடிப் போய் நிற்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உலகத்துல மூணுல ஒரு பங்கு ஆளுங்களுக்கு இது இருக்காம், தெரியுமா?" என்பேன். கேட்பவரின் கை சோற்றில் அப்படியே நின்றுவிடும். ஒருமுறைகூடத் தோற்காத கதை.

கதை எனக்குக் கிடைத்தது கார்ல் ஸிம்மரின் 'பாரசைட் ரெக்ஸ்' புத்தகத்தில். 2000இல் வெளிவந்தது. நான் படித்தது இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், ஹாஸ்டலில், செமஸ்டர் பரீட்சைக்கு நடுவில். ஒட்டுண்ணிகளைப் பற்றிப் பொதுவாசகனுக்கு எழுதப்பட்டவற்றில் இன்றும் அதைத்தான் முதலில் சொல்வேன். ஒரு நாடாப்புழு இனத்துக்கே ஸிம்மரின் பெயரை வைத்திருக்கிறார்கள். எழுத்தாளனுக்கு இப்படியும் ஒரு விருது. அந்தப் புத்தகத்தை மறுபடி படித்ததால் வந்த சங்கடம்தான் இந்தக் கட்டுரை.

ஸிம்மர் ஒரு பழைய வழக்கை எடுத்து வாதாடுகிறார். 1880இல் ரே லாங்கெஸ்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், ஒட்டுண்ணிகளைப் பரிணாமத்தில் சீரழிந்தவை என்று எழுதினார். அவர் காட்டிய உதாரணம் சாக்குலினா. நண்டுக்குள் புகுந்து, கால் இல்லாமல், கண் இல்லாமல், வெறும் வேரும் பையுமாக ஆகிவிடும் ஓர் உயிரி. உழைக்காமல் உண்டால் இப்படித்தான் ஆவாய் என்று மனிதர்களுக்கும் சேர்த்தே அவர் பாடம் சொன்னார். ஸிம்மர் இதைத் தலைகீழாக்குகிறார். சாக்குலினா புகுந்த ஆண் நண்டின் உடல் பெண் நண்டுபோல மாறுகிறது, ஒட்டுண்ணியின் பையைத் தன் முட்டைபோலப் பேணுகிறது. இதைச் செய்யத் தெரிந்ததா சீரழிந்தது? இது அரசனல்லவா?

நல்ல வாதம். ஆனால் அதற்குக் கொடுத்த விலை இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. சோம்பேறி என்ற பட்டத்தை எடுத்துவிட்டு சூத்திரதாரி என்ற பட்டத்தைச் சூட்டியிருக்கிறோம். இரண்டிலும் ஒட்டுண்ணிக்கு ஒரு குணம் இருக்கிறது, ஒரு நோக்கம் இருக்கிறது. ஸிம்மரிடம் இது ஓரளவுக்குத்தான். அவர் சூடானில் தூக்கநோயோடு படுத்திருக்கும் ஒரு சிறுவனிடமிருந்து புத்தகத்தைத் தொடங்குகிறவர், உடம்பு வலிக்கும் என்பதை மறக்காதவர். அவருக்குப் பின்னால் வந்த கட்டுரைகளும் வீடியோக்களும் அந்தச் சிறுவனை விட்டுவிட்டு ஜாம்பியை மட்டும் எடுத்துக்கொண்டன. எங்கள் தொழிலிலிருந்து 'ஹேக்' என்ற சொல்லையும் எடுத்துக்கொண்டன. மூளையை ஹேக் செய்யும் பூஞ்சை, மூளையை ஹேக் செய்யும் புழு.

பூஞ்சையிலிருந்தே தொடங்கலாம். ஜாம்பி எறும்பைத் தெரியாதவர்கள் இதைப் படிப்பவர்களில் இருக்கமாட்டீர்கள். பிபிசியின் 'பிளானட் எர்த்' 2006இல் அதைக் காட்டியது. அதைப் பார்த்துத்தான் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டும், பின்னால் அந்தத் தொடரும். ஒஃபியோகார்டிசெப்ஸ் பூஞ்சை எறும்பைச் செடியில் ஏறவைத்து, இலை நரம்பைக் கடிக்கவைத்துக் கொல்லும். பிறகு எறும்பின் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு தண்டு முளைக்கும். தாய்லாந்துக் காட்டில் அளந்தபோது, எறும்புகள் தரையிலிருந்து ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரத்தில் கடித்திருந்தன. ஜெர்மனியின் மெஸல் பகுதியில் 4 கோடியே 80 லட்சம் ஆண்டு பழைய புதைபடிவ இலையில் அதேபோன்ற கடித்தடங்கள் கிடைத்திருக்கின்றன. இவ்வளவு துல்லியமாக ஓட்டுகிறது என்றால் ஓட்டுநர் மூளையில்தானே உட்கார்ந்திருக்க வேண்டும்?

2017இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகக் குழு எறும்புத் தசைகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, எது எறும்பின் செல், எது பூஞ்சையின் செல் என்று பிரித்தறிய ஒரு டீப் லேர்னிங் மாடலைப் பழக்கியது. (எங்கள் ஆட்கள் உருப்படியாகச் செய்த வேலைகளில் ஒன்று.) கால், தலை, உடல் எங்கும் பூஞ்சை இருந்தது. தசைநார்களைச் சுற்றி ஒன்றோடொன்று இணைந்து வலைபோலப் பின்னியிருந்தது. தாடைத் தசையிலும் அப்படியே. மூளைக்குள் மட்டும் அது நுழையவில்லை. தள்ளி நின்று ரசாயனங்கள் மூலம் மூளையையும் பாதிக்கலாம் என்றுதான் ஆய்வாளர்களே சொன்னார்கள், ஆகவே மூளைக்குச் சம்பந்தமே இல்லை என்று நான் தீர்ப்பு எழுதப்போவதில்லை. ஆனால் கண்முன் இருப்பது வேறொரு பயங்கரம். மூளை முழுசாக இருக்க, தன் கைகால் தன் சொல் கேட்காத ஓர் எறும்பு. ஜாம்பிக் கதையைவிட இது எனக்குக் கனமாக இருக்கிறது. இதை யாரும் விளையாட்டாக எடுக்கவில்லை.

எலிக்கு வருகிறேன். 2000இல் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த சோதனைதான் அந்தக் கதையைப் புகழ்பெற வைத்தது. நோயுற்ற எலிகள் பூனை வாடையை ஒதுக்கவில்லை, சில அதை நாடியும் போயின. அது பொய்யில்லை. ஆனால் 2020இல் ஜெனீவாவில் சுண்டெலிகளை வைத்து இன்னும் நிதானமாகப் பார்த்தார்கள். பூனை வாடைக்கு மட்டுமல்ல, நரி வாடைக்கும் அவை பயப்படவில்லை. புதிய இடத்தில் தயங்காமல் சுற்றின. கூண்டுக்குள் நீட்டிய மனிதக் கையையே வந்து முகர்ந்து பார்த்தன. மூளையில் எவ்வளவு நீர்க்கட்டிகளோ, எவ்வளவு அழற்சியோ, அதற்கேற்ப மாற்றம். அதாவது, பூனைப் பயம் என்ற ஒரு கம்பியைத் தேடிப்பிடித்து வெட்டவில்லை. மூளை முழுக்க வீங்கிப் புண்ணாகியிருக்கிறது.

என் வேலையில் இதற்குப் பக்கத்தில் ஒரு விஷயம் உண்டு. சர்வரில் டிஸ்க் நிரம்பினால் லாகின் வேலை செய்யாது. ராத்திரி இரண்டு மணிக்கு போன் வரும், "லாகின் போயிடுச்சு". டிஸ்க் லாகினைக் குறிவைத்தது என்று அதுவரை எவனும் சொன்னதில்லை. லாகின் பக்கத்தை மட்டும் சோதித்துப் பார்ப்பவனுக்கு அப்படித்தான் தோன்றும். பூனை வாடையை மட்டும் வைத்துப் பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

இந்தத் துறையில் இது ஒற்றைச் சம்பவமுமல்ல. நியூசிலாந்தின் ராபர்ட் பூலின் 2000இலேயே, அதாவது ஸிம்மர் புத்தகம் வந்த அதே வருடம், ஒட்டுண்ணி விருந்தோம்பியின் நடத்தையை மாற்றுகிறது என்ற ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். வருடம் ஆக ஆக, அளந்த விளைவு சிறிதாகிக்கொண்டே வந்திருந்தது. முதலில் அச்சாகிறவை பிரமாதமான முடிவுகள், சாதாரணமானவை பின்னால் மெதுவாக வருகின்றன. மனிதர்கள் கதையும் அதுவே. பூனையிடமிருந்து வரும் இந்தத் தொற்று நம் குணத்தையே மாற்றுகிறது, விபத்தில் மாட்டவைக்கிறது என்று எத்தனை தலைப்புகள். டனீடினில் 1972-73இல் பிறந்தவர்களைப் பிறந்த நாளிலிருந்து பின்தொடர்ந்துவரும் ஆய்வில், 837 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். 28 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது. மனநோய், அவசரபுத்தி, குணக்கோளாறு, நினைவாற்றல் எதிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் பெரிதாக இல்லை. 2016இல் வந்த கட்டுரை. உங்கள் வாட்ஸப்பில் வந்ததா? எனக்கும் வரவில்லை.

வந்திருந்தால் மிட்டாய் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கும். மிட்டாய் எங்கள் பூனை. மனைவிக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது மாமியார் ஊரிலிருந்து வந்தார். வந்த மூன்றாம் நாள், "பூனைய யார்கிட்டயாவது குடுத்துடலாம்" என்றார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. பூனை முதல்முறை தொற்றும்போது ஒன்றிலிருந்து மூன்று வாரம்தான் கிருமியை வெளியேற்றும், வெளிவந்தது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், தட்டை தினமும் வேறு யாராவது சுத்தம் செய்தால் போதும், வேகாத கறியையும் கழுவாத கீரையையும்தான் முதலில் பாருங்கள் என்றார். கர்ப்பத்தில் முதல்முறை தொற்றினால் குழந்தைக்கு நிஜமாகவே ஆபத்து, அதை அவர் மறைக்கவுமில்லை. நான் இதையெல்லாம் அத்தையிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கதானே மாப்ள சொன்னீங்க, மூளைக்குள்ள போய் உக்காந்துக்கும்னு? எலியே பைத்தியமா ஆயிடும்னு?" என்றார்.

சொன்னேன்தான். கல்யாணமான புதிதில், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அந்த இடைவெளியெல்லாம் விட்டு. டாக்டரின் ஐந்து வாக்கியங்களால் அந்த ஒரு கதையை அசைக்க முடியவில்லை. அந்த வாரமே மிட்டாய் மனைவியின் சித்தப்பா வீட்டுக்குப் போனது. பத்து நாளில் அங்கிருந்து ஓடிவிட்டது.

இதற்குப் பிறகுதான் 'பாரசைட் ரெக்ஸ்' புத்தகத்தை மறுபடி எடுத்தேன். சூத்திரதாரிக் கதை ஏன் இவ்வளவு நன்றாக ஒட்டிக்கொள்கிறது? நம்மிடம் அது ஏற்கனவே இருந்ததால்தான் என்று நினைக்கிறேன். பாரசைட் என்ற சொல்லே உயிரியலில் பிறந்ததல்ல. கிரேக்க நாடகங்களில் பணக்காரன் மேசையில் ஒட்டிக்கொண்டு, முகஸ்துதி பாடிச் சாப்பிடும் கோமாளிப் பாத்திரம். அறிவியல் அதைக் கடன் வாங்கியது, அரசியல் அதை வட்டியோடு திருப்பி வாங்கிக்கொண்டது. 1964இல் சோவியத் நீதிமன்றம் ஜோசப் பிராட்ஸ்கியை ஒட்டுண்ணி என்று தண்டித்தது, கவிதை எழுதுவது வேலையாகாது என்பதால். ஐ.டி.யில் புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனை அதே சொல்லால் கூப்பிட்ட ஒரு மேனேஜரை எனக்குத் தெரியும். அப்போது பெஞ்சில் இருந்தது நான். சமூக வலைத்தளத்தில் இலவசத் திட்டம் பற்றி எந்த விவாதத்திலும் மூன்றாவது கமெண்டுக்குள் அந்தச் சொல் வந்துவிடும். போங் ஜூன் ஹோவின் படத்தைப் பற்றி நம் ஆட்கள் போதுமான அளவு எழுதிவிட்டார்கள், நான் சேர்க்க ஒன்றுமில்லை.

தமிழில் இன்னொரு வசவு உண்டு, புல்லுருவி. மரத்தில் ஒட்டி வளரும் செடி. ஆஸ்திரேலியாவில் டேவிட் வாட்சன் என்பவர், சில சிறு காடுகளில் மரத்தில் ஒட்டியிருந்த அதன் உறவுச் செடிகளை முழுக்க வெட்டியெடுத்துவிட்டு, மற்ற காடுகளோடு மூன்றாண்டு ஒப்பிட்டார். வெட்டிய காடுகளில் காட்டை நம்பி வாழும் பறவையினங்களில் கால்பங்குக்கு மேல் காணாமல் போயின. பழம் தின்னும் பறவைகள் மட்டுமல்ல, பூச்சி தின்பவையும். புல்லுருவியின் இலைகள் சத்தை முழுக்க உறிஞ்சிக்கொள்ளாமல் உதிர்கின்றன, அந்தச் சருகில் பூச்சிகள் பெருகுகின்றன. ஜப்பானில் குதிரைமயிர்ப் புழு சுவர்க்கோழிகளை ஓடையில் குதிக்கவைக்கிறது. ஜாம்பி வீடியோ அங்கே முடிந்துவிடும். அங்கிருந்து ஒரு படி கீழே போய்ப் பார்த்தவர் தகுயா சாட்டோ. அந்த ஓடையின் அரிய ட்ரவுட் மீன்கள் ஒரு வருடத்தில் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 60 சதவீதம் அப்படிக் குதித்த பூச்சிகளிடமிருந்து வந்தது. இதே புழு வகையில், கும்பிடுபூச்சிக்குள் வாழும் ஓர் இனத்திடம், கும்பிடுபூச்சியுடையதைப் போன்ற மரபணுக்கள் 1,400க்கு மேல் இருப்பதாக 2023இல் கண்டார்கள். யார் யாருக்குள் புகுந்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

இதற்கு நடுவில் என் வாதத்துக்கு இடைஞ்சலாகவும் ஒன்று வந்தது. யெல்லோஸ்டோனில் 26 வருட ரத்த மாதிரிகளை வைத்து 2022இல் ஓர் ஆய்வு. டாக்ஸோபிளாஸ்மா தொற்றிய ஓநாய்கள் கூட்டத்துக்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட 46 மடங்கு அதிகம். படித்ததும் பழைய கை அரித்தது. பந்தியில் சொல்ல இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஓநாயைத் தலைவனாக்கி டாக்ஸோவுக்கு என்ன லாபம் என்று கேட்டால் கதை திணறுகிறது. நடத்தை மாறுகிறது, அதன் விளைவுகளும் பெரியவை. அதற்குப் பின்னால் திட்டம் தீட்டும் ஒருவர் இருந்தாக வேண்டியதில்லை.

இந்தத் துறையில் இப்போது நடப்பவற்றில் எனக்கு மிகப் பிடித்தது கதையே இல்லாத ஒரு வேலை. வாஷிங்டனில் செல்சி வுட்டின் குழு, அருங்காட்சியகத்தில் 1880 முதல் ஜாடிகளில் ஊறப்போட்டிருந்த மீன்களை எடுத்து அறுத்து, உள்ளே இருந்த ஒட்டுண்ணிகளை எண்ணியது. 699 மீன்கள், 17,000க்கு மேல் ஒட்டுண்ணிகள். மூன்று அல்லது அதற்கு மேல் விருந்தோம்பிகள் தேவைப்படும் வகைகள் பத்தாண்டுக்கு 11 சதவீத அளவில் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன, கடல் சூடாவதற்கு இணையாக. மூன்று வீடு மாறி வாழ வேண்டிய உயிருக்கு ஒரு வீடு இல்லாமல் போனாலும் வழி முடிந்தது. அரசனாம், சூத்திரதாரியாம்.

போன மாதம் ஒரு நண்பன் வீட்டில் இளைஞன் ஒருவன் எலிக் கதையைத் தொடங்கினான். நன்றாகவே சொன்னான், இடைவெளிகூடச் சரியான இடத்தில். எல்லோரும் வாயைப் பிளந்து முடித்ததும், "பூனைக்கு மட்டும் இல்ல தம்பி, அதுக்கு எல்லாத்துக்குமே பயம் போயிடுது" என்றேன்.

"ஓ" என்றான். கொஞ்சம் யோசித்தான். "அப்ப அதுல என்னண்ணா இருக்கு?"