சூசை வாத்தியாரும் பேசாத தாயும்

பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வெளிவந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. 1994ஆம் ஆண்டின் படங்களுள் குடும்ப நலன் பற்றிய சிறந்த படம் என்று தேசிய விருது பெற்ற இப்படத்தை நம் பகுதி மக்கள் தங்கள் சொந்தக் கதையாகவே ஏற்றுக்கொண்டனர். இன்று அதை மீண்டும் எடுத்து நோக்கக் காரணம் உண்டு. கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டதிலிருந்து அதைப்பற்றிய விவாதம் நம் இல்லங்களுக்குள்ளும் வந்துவிட்டது. இவ்விவாதத்தில் பேசுகிற நம்மவர் பலருடைய மனத்தில் இப்படம் தீட்டிய சித்திரமே நிற்கிறது. அச்சித்திரம் எவ்வளவு உண்மை, எவ்வளவு குறையுள்ளது என்பதை ஆராய்வது நமக்கு நலம்.

கதை யாவரும் அறிந்ததே. ஏழை உழவன் ஒருவன், மீண்டும் பெண்ணே பிறந்தது கண்டு மனங்கசந்து, பச்சிளங்குழந்தையைக் கொன்றுவிடும்படி மருத்துவச்சியிடம் கொடுக்கிறான். பள்ளி ஆசிரியர் ஒருவர் குழந்தையைக் காப்பாற்றித் தம் மகளாக வளர்க்கிறார். அவள் மருத்துவராகி, பெற்ற தந்தைக்கே மருத்துவம் பார்க்கும் நாள் வருகிறது. கள்ளிப்பாலும் நெல்மணியும் உயிர் குடித்த உசிலம்பட்டிச் சீமையின் அவலம் 1986லேயே நாடறியச் செய்தியாகியிருந்தது. அது அண்டை ஊரார் பழி என்று திண்டுக்கல்லார் ஒதுங்கிவிட இயலாது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு 2001இல் மதுரை, தேனியோடு நம் மாவட்டத்திற்கும் விரித்தது. தேவையில்லாத இடத்தில் எவரும் தொட்டில் கட்டுவதில்லை!

படத்தின் சிறப்பு எதில் உள்ளது? ஆசிரியரின் பெயரைக் கவனியுங்கள்: சூசை. நம் முன்னோர் புனித வளனாருக்கு இட்டு வழங்கிய பெயர் அது. ஏரோதின் வாளுக்குத் தப்புவிக்கத் தமக்குப் பிறவாத குழந்தையை இரவோடிரவாக எகிப்துக்குக் கொண்டுசென்றவர் அவர். பழைய ஏற்பாட்டிலும் ஒரு சூசை உண்டு. உடன்பிறந்தாரால் குழியில் தள்ளப்பட்டு விற்கப்பட்ட அவரே பஞ்ச காலத்தில் அவர்களுக்குச் சோறிட்டார். படத்தில் குழந்தையைக் காப்பவர் முதற்சூசையின் வேலையைச் செய்கிறார். காக்கப்பட்ட குழந்தை இரண்டாம் சூசையின் வேலையைச் செய்கிறாள். இயக்குநர் இதைக் கருதிச் செய்தாரோ இல்லையோ, விலக்கப்பட்ட உயிரே விலக்கியவனுக்கு மருந்தாகிறது என்ற காட்சி, உயிரின் மாண்பைப்பற்றி நாம் ஆற்றும் மறையுரைகள் பலவற்றைவிட ஆழமாக நெஞ்சில் இறங்குகிறது.

எனினும் படத்தில் இரு குறைகள் உள்ளன. அவையே நம் பேச்சின் குறைகளும் ஆகும்.

முதலாவது, அது தீமையைப் பட்டிக்காட்டு அறியாமையாகவும், மீட்பைப் படித்த மருத்துவராகவும் காட்டுகிறது. வரலாறோ வேறு வழியில் சென்றது. படம் வெளிவந்த அதே 1994இல், கருவிலுள்ள குழந்தையின் பாலினத்தைக் கண்டறிந்து கூறுவதைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. 1996 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. கொலை களத்துமேட்டிலிருந்து நகரத்து ஸ்கேன் அறைக்கு இடம்பெயர்ந்துவிட்டது என்பதைச் சட்டம் கண்டுகொண்டது, படம் காணவில்லை. தமிழகத்தில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 948 பெண் குழந்தைகள் இருந்தனர். 2001இல் அது 942 ஆயிற்று, 2011இல் 943. எழுத்தறிவு வளர்ந்த இருபது ஆண்டுகளில் இந்த எண் வளரவில்லை. கள்ளிப்பாலைக் கண்டு கண்ணீர் வடித்த நாம், வெண்ணிறக் கதவுக்குப் பின்னால் நடந்ததற்குக் கண்ணீர் வடித்தோமா?

இரண்டாவது குறை இதனினும் பெரிது. கதை தந்தையைச் சுற்றியும் மகள்களைச் சுற்றியுமே நகர்கிறது. பெற்றவளுக்கு அதில் இடம் மிகச் சிறிது. அவள் விரும்பினாளா, அஞ்சினாளா, தடுக்க முயன்றாளா என்று கேட்பாரில்லை. எகிப்துக்கு ஓடிய இரவில் மரியாவும் உடன் சென்றார் என்கிறது நற்செய்தி. நம் கதைகளிலோ குழந்தை மட்டும் தப்புகிறது, தாய் பின்தங்கிவிடுகிறாள். தொட்டில் திட்டமும் குழந்தையை வாங்கிக்கொண்டது. அதை இட்டுவிட்டுத் திரும்பும் தாயின் வீட்டில் எதுவும் மாறவில்லை.

நாட்டின் சட்டங்களை இக்கண்கொண்டே நோக்குவோம். 1971ஆம் ஆண்டுச் சட்டம் காரணமின்றிப் பிறந்ததன்று. பயிற்சியற்ற கைகளில் சிக்கிப் பெண்கள் மாண்ட அவலத்தைச் சாந்திலால் ஷா குழு எடுத்துரைத்ததன் விளைவு அது. 2021இன் திருத்தம் குறிப்பிட்ட பிரிவினருக்குக் கால வரம்பை இருபது வாரங்களிலிருந்து இருபத்து நான்காக உயர்த்தியது. மணமாகாத பெண்களும் அதில் அடங்குவர் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கரு உருவான கணம் முதல் அது மனித உயிரே என்று நம்பும் நாம் இச்சட்டத்தை ஏற்க இயலாது. ஆனால் அதை ஆதரிப்போர் சுட்டிக்காட்டும் சாவுகள் பொய்யல்ல. அப்பெண்களுக்காகவும் அழாதவர்கள் உயிரின் காவலர் என்று தம்மை அழைத்துக்கொள்ள உரிமையற்றவர்கள்.

பாலினத் தேர்வைத் தடுக்கும் சட்டத்தின் 24ஆம் பிரிவு நம் சிந்தனைக்கு உரியது. கருவுற்ற பெண் சோதனைக்கு உட்பட்டிருந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, கணவனோ உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தினர் என்றே நீதிமன்றம் கொள்ளவேண்டும் என்கிறது அது. இவ்விடத்தில் நாட்டின் சட்டம் நம் பிரசங்க மேடையைவிடக் கூர்மையாக நம் குடும்பங்களைப் படித்திருக்கிறது.

திருச்சபையின் ஏடுகளும் இதற்கு மாறானவையல்ல. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் வெளியிட்ட 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடல், கருக்கலைப்பைத் திட்டவட்டமாகக் கண்டிக்கிறது. அதே மடல், குழந்தையின் தந்தையும் நெருக்கடி தரும் குடும்பத்தாரும் நண்பரும் குற்றத்தில் பங்காளிகள் என்று பெயர் சுட்டுகிறது. கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்களிடம் நேராகத் திரும்பி நம்பிக்கை இழக்கவேண்டாம் என்கிறது. கடுமையான அச்சத்தின் கட்டாயத்தில் செய்தவர்மீது தன்னியல்பான சபை விலக்கு விழாது என்பது திருச்சபைச் சட்டம். 2016இல் இரக்கத்தின் யூபிலி ஆண்டு முடிவில் திருத்தந்தை பிரான்சிஸ், இப்பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிலையாக வழங்கினார். இம்மூன்றில் நம் பங்கு மக்கள் கேட்டது எது? கண்டனம் மட்டுமே. எஞ்சியவற்றை நாம் உரக்கச் சொல்லவில்லை. ஆகவே, ஒப்புரவுத் தொட்டியை நாடவேண்டியவள் பீடத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று, நன்மை வாங்காமல் வீடு திரும்புகிறாள். அவளைக் கூட்டிச்சென்ற கணவனும் மாமியாரும் முன் வரிசையில் நின்று நன்மை வாங்குகிறார்கள்.

அந்தக் கட்டாயத்தின் வேர் எங்குள்ளது? வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை விடுதிகளில் நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் எதற்காக ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தார்கள் என்று கேளுங்கள். 'சுமங்கலித் திட்டம்' என்ற அழகிய பெயரில், மூன்று ஆண்டு உழைப்புக்கு ஒரு மொத்தத் தொகை என்றார்கள். அத்தொகை பெரும்பாலும் நகைக்கும் வரதட்சணைக்கும் போயிற்று. பிறந்த பெண் தன் வரதட்சணைக்குத் தானே உழைக்கிறாள். பிறவாத பெண் அதே வரதட்சணைக்கு அஞ்சி அழிக்கப்படுகிறாள். வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றம். ஆயினும் நம் கோவில்களில் மூன்று முறை திருமண ஓலை வாசிக்கப்படுகிறது; எத்தனை பவுன் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

சட்டத்தை எதிர்த்து ஊர்வலம் போவது எளிது. அதனினும் கடினமானவை மூன்று உள: திருமணத் தயாரிப்பு வகுப்பில் மாப்பிள்ளை வீட்டாரிடம் வரதட்சணையைப்பற்றி வாய்திறந்து கேட்பது, மூன்றாவதும் பெண்ணாகப் பெற்றவளின் வீட்டிற்கு அன்பியத்தார் முதல் வாரத்திலேயே துக்க முகமின்றிப் பலகாரத்தோடு செல்வது, கருவை இழந்து ஊமையாய் நிற்பவளை முதலில் பேசவிட்டுக் கேட்பது. சூசை வாத்தியார் ஒருவர் ஒரு குழந்தையைக் காப்பாற்றினார், அது திரைக்கதைக்குப் போதும். ஒரு பங்குக்குப் போதாது. இங்கே தாயும் சேயும் சேர்ந்தே தப்பிக்கவேண்டும்; அதற்கு ஊரே சூசையாக வேண்டும்.