மண்ணுக்குள்ளும் நிறமா?

சாவிலேனும் சமத்துவம் வேண்டுமென்றனர் மொராவியத் திருச்சபையார். செர்மனியில் 1722-இல் அவர்கள் குடியேறிய ஹெர்ன்ஹூட்டில், கல்லறைதோறும் ஒரே மாதிரிப் படுக்கைக்கல். புரவலர் சின்சென்டார்ப் பிரபுவின் குடும்பத்துக்கு மட்டும் நடுவே உயர்ந்த கல், போகட்டும்! 1732-இல் அச்சபையின் தூதர் கரீபியத் தீவான செயின்ட் தாமசு சென்றனர். அடிமைகளைச் ‘சகோதரர்’ என்று அணைத்தனர். அணைத்த கையே, சில ஆண்டுகளில் அச்சகோதரரை விலைக்கும் வாங்கியது! வாங்கியபின் சகோதரம் ஏது?

அமெரிக்காவின் வடகரோலைனாவில் அவர்கள் அமைத்த ஊர் சேலம் (நம் சேலமன்று). அங்கே வெள்ளையரும் கருப்பரும் அருகருகே உறங்கிய கல்லறைத் தோட்டத்தை 1816-இல் பிரித்தனர்; 1822-இல் சபையையும் பிரித்தனர். வேதம் மாறவில்லை, ஊராரின் வெறுப்புக்கு வேதக்காரர் வளைந்தனர். அடிமை முறைக்கு உடன்பட்டதற்காக அங்குள்ள சபை மன்னிப்புக் கேட்டதோ 2006-இல். இன்று மொராவியர் மிகுதியாக வாழும் நாடு டான்சானியா. ஆம், ஆப்பிரிக்க மண்!