ஓவிய மாணவன் எழுதும் பாயிரம்

கலைப்படைப்புத் தன்னைத் தானே விளக்கல் வேண்டும். ஆக்கியோன் அருகில் நின்று விளக்கவேண்டிய நிலை ஏற்படின் அது படைப்பின் குறையே என்பது பல்லோர் கொள்கை. முதிர்ந்த கலைஞரின் ஆக்கங்களைப் பொறுத்தவரை இக்கொள்கை பெரிதும் பொருந்துவதே. ஆயின், கலையைக் கற்கும் பருவத்தினனாகிய மாணவனுக்கும் இதுவே விதியாகுமோ? உயர்நிலைப் பள்ளியிற் சித்திரம் பயிலும் மாணவன் தான் செய்த வடிவமைப்புகளை மீள நோக்கி, அவை உருவான முறையை எழுத்தில் வைக்கும் வழக்கம் இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. அவ்வெழுத்தினாற் பயன் உண்டா, உண்டெனின் அது எத்தகைய எழுத்தாயிருத்தல் வேண்டும் என்பன ஆராயத்தக்கன.

இவ்வழக்கத்தின் தெளிவான வடிவமொன்றை அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் காணலாம். அங்கே காலேஜ் போட் என்னும் அமைப்பு உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கென நடத்தும் அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட் பாடங்களுள் கலையும் வடிவமைப்பும் ஒன்று. அதற்கு மண்டபத்திலிருந்து எழுதும் பரீட்சை இல்லை; மாணவனின் ஆக்கத் தொகுப்பே மதிப்பிடப்படும். 2019-20 கல்வியாண்டில் திருத்தியமைக்கப்பட்ட திட்டத்தின்படி, மாணவன் வினாவொன்றைத் தானே வகுத்துக்கொண்டு, அதனைத் தொடர்ந்து ஆராய்ந்தமைக்குச் சான்றாக 15 படங்களை அனுப்புதல் வேண்டும். முடிந்த ஆக்கங்களோடு, ஆக்கம் வளர்ந்த படிநிலைகளைக் காட்டுவனவும் அவற்றுள் இடம்பெறும். இப்பகுதிக்கு 60 வீதமும், சிறந்தனவெனத் தெரிந்தெடுத்த 5 ஆக்கங்களுக்கு 40 வீதமும் உரியன. ஆராய்வை வழிநடத்திய வினா யாது, பயிற்சியும் பரிசோதனையும் திருத்தமும் அதில் எவ்வாறு நிகழ்ந்தன என்னும் இரண்டுக்கும் மாணவன் எழுத்தில் விடை தருதல் வேண்டும். ஒவ்வொரு விடைக்கும் இடைவெளிகள் உட்பட 600 எழுத்துக்களே எல்லை. ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய 100 சொற்களாகும். எழுத்துப்பிழையும் இலக்கணப்பிழையும் கணக்கிற் கொள்ளப்படா.

தன் ஆக்கத்தைப் பற்றித் தானே எழுதுதல் தமிழ் மரபுக்கு ஐயந்தரும் செயலே. நூலுக்கு முகமாக அமைவது பாயிரம். ஆயினும், சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியனே செய்தல் மரபன்று. அவனுடைய ஆசிரியர், உடன் பயின்றோர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருள் ஒருவரே அதனைச் செய்தற்குரியர் என நன்னூல் விதிக்கின்றது. தற்புகழ்ச்சி தகாதென்பதே இதற்குக் காரணம். ஆனால், அந்நன்னூலே தன்னைப் புகழ்தல் பொருந்தும் இடங்கள் நான்கினையும் வகுத்துக் கூறுகின்றது. தன் ஆற்றலை அறியாதார் நடுவே இருத்தல் அவற்றுள் ஒன்று. முகமறியாப் பரீட்சகர் முன் தன் தொகுப்பை வைக்கும் மாணவனின் நிலை இதனோடு ஒக்கும். எனவே, அவன் பேசலாமோ என்பதன்று வினா. அவன் தன்னைப் புகழ்கின்றானா, தன் செயலுக்குக் கணக்குக் காட்டுகின்றானா என்பதே வினா.

இவ்விரண்டின் வேற்றுமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். மாணவி ஒருத்தி நூலகமொன்றுக்குச் சுவரொட்டி அமைத்தாள் எனக் கொள்க. ‘நிறங்களின் வாயிலாக என் உணர்வுகளை வெளிப்படுத்தினேன், இப்பணி என் படைப்பாற்றலை வளர்த்தது’ என அவள் எழுதுவாளாயின், அதிற் பிழையெனச் சுட்டத்தக்கது யாதுமில்லை, ஆயினும் பொருளும் இல்லை. அவ்வாக்கியம் எவருடைய எந்தச் சுவரொட்டியின் கீழும் நிற்கக்கூடியது. மாறாக, அவள் பின்வருமாறு எழுதுகின்றாள் எனக் கொள்க: ‘முதலில் நீலப் பின்னணியிற் சிவப்பு எழுத்துக்களை வைத்தேன். அறையின் மறுகோடியிலிருந்து நோக்கியபோது எழுத்துக்களின் ஓரங்கள் அதிர்வனபோலத் தோன்றின, வாசித்தல் கடினமாயிற்று. எழுத்துக்களைப் பெரிதாக்கினேன், பயனில்லை. பின்னர் எழுத்துக்களை வெள்ளையாக்கிச் சிவப்பை ஒரேயொரு கோட்டில் மட்டும் நிறுத்தினேன்.’ இங்கே உணர்வு, ஆற்றல், படைப்பு என்னும் பெருஞ்சொற்கள் இல்லை. எனினும் ஒரு தெரிவு, அதன் தோல்வி, பயன்படாத ஒரு மாற்று, இறுதியிற் கண்ட வழி ஆகிய நான்கும் உள்ளன. படிப்போன் மாணவியின் கண்ணையே காண்கின்றான்.

இம்மாணவி கண்டது மெய்யான நிறவியல்பேயாகும். தம்முள் மாறுபட்ட நிறங்கள் இரண்டு ஒளியளவில் ஒத்து அடுத்தடுத்து நிற்பின் அவற்றின் எல்லை அதிர்ந்து தோன்றும். யோசப் அல்பேஸ் 1963 இல் வெளியிட்ட ‘நிறங்களின் இடைவினை’ என்னும் நூல் இத்தகைய இயல்புகளைப் பயிற்சிகளால் விளக்குவது. விதியை முதலில் மனனஞ் செய்து பின்னர்ப் படத்திற் காண்பதன்று. படத்திற் பன்முறை கண்டபின் விதியை அடைவதே அவருடைய கற்பித்தல் முறை. அவர் தொடக்கத்திற் பள்ளியாசிரியராகப் பணிபுரிந்தவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

ஜேர்மனியில் 1919 இல் தோன்றி 1933 இல் மூடப்பட்ட பௌஹௌஸ் கலைப்பள்ளியில் அல்பேஸ் நடத்திய வகுப்பொன்றை, 1928 இல் அவரிடம் பயின்ற ஹன்னெஸ் பெக்மன் என்னும் மாணவர் பிற்காலத்திற் பதிவு செய்துள்ளார். அல்பேஸ் ஒரு கட்டுச் செய்தித்தாளைப் பகிர்ந்தளித்து, தாளின் இயல்பை மதித்து, வீண்போகாவகையில் ஏதேனும் ஆக்குமாறு பணித்துச் சென்றார். சில மணி நேரத்தின்பின் அவர் மீண்டபோது, கோட்டைகளும் கப்பல்களும் விமானங்களும் முகமூடிகளும் ஆங்கு இருந்தன. அவற்றை வேறு பொருள்களால் இன்னுஞ் செவ்வையாகச் செய்திருக்கலாமே என்றார் அவர். பின்னர், தாளொன்றை நீளவாட்டில் மடித்து நிமிர்ந்து நிற்கச் செய்திருந்த எளிய ஆக்கமொன்றைப் பாராட்டினார். மென்மையான தாள் மடிப்பினால் வலிமை பெற்றமையும், படுத்துக் கிடக்கும் தாளில் ஒரு புறம் மறைய, நின்ற தாளில் இருபுறமும் கண்ணுக்குப் புலனாகியமையும் அவர் காட்டிய காரணங்கள். இந்நிகழ்ச்சியிற் பெறப்படும் பாடம் யாதெனின், மீள்நோக்கு என்பது ‘அழகாயிற்றா’ என்னும் வினாவோடு அமைவதன்று. ‘இப்பொருளில் இவ்வடிவம் ஏன்’ என்னும் வினாவே அதன் உயிர் என்பதாம்.

மீள்நோக்கு ஒரு கலைஞரின் வழியையே மாற்றவல்லது என்பதற்கு அமெரிக்க ஓவியர் ஜோர்ஜியா ஓகீஃப் சான்றாவர். நியூ யோர்க்கில் ஆர்தர் வெஸ்லி டௌ என்னும் ஆசிரியரிடம் பயின்றபின், 1915 இல் தென் கரோலினாவில் ஆசிரியராயிருந்த காலத்தில், அவர் தம் ஓவியங்களை அறையில் வரிசையாக வைத்து நோக்கினார். அவை ஒவ்வொன்றும் யாரோ ஓர் ஆசிரியரின் முறையைத் தழுவியனவாகவே அவருக்குத் தோன்றின. அவற்றை ஒதுக்கிவிட்டு, நிறத்தையும் துறந்து, கரிக்கோல் ஒன்றைக் கொண்டே புதிதாகத் தொடங்கினார். நீலம் இன்றியமையாததென உணர்ந்த பின்னரே 1916 இல் மீண்டும் நிறத்தை நாடினார். அக்கரிக்கோல் ஓவியங்களே அவருடைய தனித்துவத்தின் தொடக்கமாயின. பிறரை மகிழ்விக்க அவர் செய்த மீள்நோக்கு அன்று அது. தம்மையே வினவிய வினா.

அமெரிக்க மெய்யியலாளர் யோன் டூயி 1934 இல் எழுதிய ‘கலை ஓர் அனுபவம்’ என்னும் நூலில், செய்தலும் செய்ததன் விளைவை ஏற்று உணர்தலும் இணையும்போதே அனுபவம் முழுமையுறும் என்றார். ஓயாது செய்யும் மாணவன் விளைவை உணரான். செய்யாது உணர்வை மட்டும் பேசுவோனிடம் பேச்சே எஞ்சும். இதனாற் பெறப்படுவது ஒன்றுண்டு. மீள்நோக்கு பணிமுடிவில் ஒட்டப்படும் வாலாயின் அது பெரும்பாலும் புனைவாகவே முடியும். தற்செயலாய் நேர்ந்ததை முன்னரே கருதியதாகவும், ஆசிரியர் சொல்லியதைத் தானே கண்டதாகவும் எழுத மாணவன் தூண்டப்படுவான். படிவரைவின் அருகிலே அன்றன்று எழுதப்பட்ட இரண்டு வரிகள் இப்பொய்யைத் தடுக்கும். இறுதியில் எழுதும் 600 எழுத்துக்கள் அவ்வரிகளிலிருந்து திரட்டப்படுவனவாதல் வேண்டும்.

இம்முறைக்கு எதிராக ஒரு நியாயமான தடையும் உண்டு. கை வல்லனாய்ச் சொல் வல்லனல்லாத மாணவன் தாழ்ந்துபோகானோ? பிழைகளைப் பொறுத்தல் இத்தடையை ஓரளவே நீக்கும். எஞ்சியதை நீக்கவல்லவர் வகுப்பாசிரியரே. ‘உன் கருத்து யாது’ என அவர் வினவின் மாணவன் வாயடைத்து நிற்பான். ‘எதனை நீக்கினாய், ஏன் நீக்கினாய்’ என வினவின், அவன் தாளைச் சுட்டியேனும் விடை கூறுவான். அச்சுட்டலைச் சொல்லாக்குதல் பயிற்சியால் வரும்.

கட்டளையிட்ட கணத்திற் படத்தையும் விளக்கத்தையும் ஆக்கித்தரும் கணினிக் கருவிகள் மலிந்த இக்காலத்தில் இவ்வினாவின் பெறுமதி மிகுந்துள்ளது. மேற்கூறிய அமெரிக்கத் திட்டம் ஆக்கப்பணியின் எந்நிலையிலும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை மாணவர் பயன்படுத்தலாகாதென விலக்கியுள்ளது. விலக்கு வேண்டியதே, ஆயினும், விலக்கினால் மட்டும் மாணவன் கலைஞனாகான். பெருஞ்சொற்களை எக்கருவியும் எளிதிற் கோத்துத் தரும். நீலப் பின்னணியிற் சிவப்பு எழுத்து அதிர்வதைக் கண்டு, அறையின் மறுகோடியில் நின்று தயங்கிய அந்தத் தயக்கத்தை மாணவிக்காக வேறெதுவும் அனுபவித்தல் இயலாது. அத்தயக்கத்தை நேர்மையாகப் பதிந்த சிறு குறிப்பே அவளுடைய ஆக்கத்துக்குத் தக்க பாயிரம். அடுத்த ஆக்கத்துக்கு அதுவே தோற்றுவாயுமாகும்.