உப்பில்லாக் கீரை

ஐந்திணை என்றதும் நம் மேடைகளில் அருவி கொட்டத் தொடங்கிவிடும்! குறிஞ்சியிலே மயில் ஆடும், முல்லையிலே மாலை மயங்கும், மருதத்திலே தாமரை சிரிக்கும், நெய்தலிலே அலை தாலாட்டும். கேட்போர் கைதட்டுவர், பேசியவர் வியர்வை துடைத்து அமர்வார். இயற்கையை இப்படி எடுத்துரைத்த இனம் வேறுண்டோ என்ற பெருமிதம் மன்றமெங்கும் பரவி நிற்கும். அந்தப் பெருமிதத்தைக் குறை கூற நாம் வரவில்லை; கைதட்டியோரில் நாமும் இருந்தோம். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் ஓர் ஐயம் நம்மைத் தொடர்ந்தது. அந்த மலையிலும் காட்டிலும் வயலிலும் கடலோரத்திலும் வாழ்ந்தவன் அன்று என்ன உண்டான்? அவன் வீட்டுக் குடத்தில் இருந்த நீரை யார், எங்கிருந்து சுமந்து வந்தார்?

தொல்காப்பியர் இந்தக் கேள்வியை மறந்தவரல்லர். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்துகிறார்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். தெய்வத்தை முதலில் வைத்துவிட்டாரே என்று நம் தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். அடுத்த சொல்லே உணவு என்பது கண்டு ஆறுதல் கொள்வார்களாக! மண்ணும் நீரும் மாறினால் சோறும் மாறும் என்ற தெளிவு அந்த இலக்கண ஆசிரியருக்கு இருந்தது. நம் மேடைப் பேச்சாளரோ பறவைக்குத் தாவிவிடுகிறார். இடையில் இருக்கும் அடுப்பு அவர் கண்ணில் படுவதில்லை.

அடுப்பைக் காண விரும்புவோர் ஆற்றுப்படை நூல்களைத் திறக்க வேண்டும். பரிசில் பெற்று வரும் கலைஞன், பசியோடு எதிர்வரும் கலைஞனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. வழி சொல்வதென்றால், எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்று சொல்வதுதான். 500 அடி கொண்ட பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் எயினர் குடியிருப்பைப் பாருங்கள். இரும்பு நுனி கட்டிய கோலால் கரம்பை நிலத்தைக் கிளறுகிறார்கள் எயிற்றியர். புழுதி படிய உழைத்துப் புல்லரிசி சேர்க்கிறார்கள். விளாமர நிழலிலே, தரையில் குழித்த உரலிலே அதைக் குத்துகிறார்கள். அதன்பின் ஆழக் கிணற்றில் அரிதாக ஊறும் உவர் நீரை முகந்து, வாய் சிதைந்த பழம்பானையை உடைந்த அடுப்பில் ஏற்றி, உப்புக்கண்டத்தோடு ஆக்குகிறார்கள். இதற்கு வருணனை என்று பெயர் சூட்ட நமக்கு மனம் வரவில்லை. ஒரு வேளைச் சோற்றின் பின்னே எத்தனை கை உழைப்பு, எத்தனை முழக் கிணறு என்ற கணக்கு இது. நீரின் சுவைகூட எழுதப்பட்டிருக்கிறது: உவர்ப்பு!

வழி மேலே செல்கிறது. முல்லையில் தினைச்சோறும் பாலும், வரகுச்சோறும் அவரையும். மருதத்தில் வெண்ணெற் சோறும் கோழிக்கறியும். இடையிலே அந்தணர் மனையும் உண்டு. அங்கே உயர்ந்த நெல்லின் சோறு, வெண்ணெயில் வெந்த மாதுளங்காய், மாவடு. நாயும் கோழியும் அந்த மனையை அணுகுவதில்லை என்பதையும் புலவர் குறித்துக்கொள்கிறார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்புவதில்லை! ஆனால் அந்தச் சோற்றை உயர்த்தி எயினர் சோற்றைத் தாழ்த்தும் ஒரு சொல்லும் அவர் வாயில் வரவில்லை. வழிநடைப் பாணனுக்கு எல்லாம் சோறே.

பழந்தமிழர் பாலும் பழமுமே உண்டார்கள், ஊனும் மீனும் பிற்காலத்து இழிவு என்று இன்றும் ஓதுவோர் இருக்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையைக் கையில் எடுத்தால் அவர்கள் இடையிலேயே மூடிவைக்க நேரும். எயிற்பட்டினத்துப் பரதவர் சுட்ட மீனும் தேறலும் தருகிறார்கள்; வேலூரில் புளிங்கறிச் சோற்றோடு ஆமான் சூடு; ஆமூர் உழவர் மனையில் வெண்சோற்றுக்கு நண்டுக் கலவை. வள்ளுவர் புலால் மறுத்தல் பாடவில்லையா என்று கேட்பர். பாடினார், மறைக்க வேண்டியதில்லை. ஓர் உயிரின் வலியை முன்வைத்து வாதாடினார், வேள்வி ஆயிரம் செய்வதினும் ஓருயிரைக் கொன்று உண்ணாமை நன்று என்றார். உண்பவன் பிறப்பைக் கேட்டு அவர் வாதாடவில்லை. அந்த வாதத்தோடு நாம் உடன்படலாம், மாறுபடலாம். தட்டைப் பார்த்து மனிதனைத் தாழ்த்துவோர் அவரைத் துணைக்கு அழைப்பது அடாது.

இனி, நம்மை இதை எழுதவைத்த இடத்துக்கு வருவோம். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய அதே சிறுபாணாற்றுப்படையில், 130ஆம் அடியை ஒட்டி ஒரு வீடு வருகிறது. கூரை மரம் சரிந்த பழஞ்சுவர். கறையான் அரித்த புழுதியில் காளான் பூத்திருக்கிறது. ஈன்ற நாய் குரைக்கிறது. கண் திறவாக் குட்டி பாலற்ற மடியைப் பற்றி இழுக்கும் நோவு தாளாமல் குரைக்கிறது. பசியால் ஒடுங்கிய இடையுடைய ஒருத்தி, குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். அறியாதார் பார்த்துவிடுவரே என்று நாணிக் கதவை அடைத்து, சுற்றத்தாரோடு பகிர்ந்து உண்கிறாள்.

கூரை இல்லை, பால் இல்லை, அரிசி இல்லை. மானம் மட்டும் கதவடைத்துக்கொண்டு காவல் நிற்கிறது! பத்துப்பாட்டு முழுவதிலும் நாம் முதலிடம் தரும் பகுதி இதுவே.

ஆனால் அந்த உப்பு எங்கே போயிற்று? இக்கேள்வியை நூலே எழுப்புகிறது. ஏறத்தாழ எழுபது அடிகளுக்கு முன்பு, கொற்கையைப் பாடுமிடத்தில், உமணரின் உப்பு வண்டிகள் வரிசையாக வருகின்றன. அவ்வண்டிகளோடு வந்த மந்தி, உமணர் சிறுவரோடு கூடி, கிளிஞ்சிலில் முத்தை இட்டுக் கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. குரங்கின் கையில் முத்து. பாணன் மனைக் கீரையில் உப்பு இல்லை! கடல் உப்பைத் தரத் தவறவில்லை, கதிரவன் காயத் தவறவில்லை. நிலம் கொடுத்ததை மனிதர் பங்கிட்ட முறையிலேதான் அந்தப் பானை உப்பிழந்தது. இரண்டு காட்சியையும் ஒரே பாட்டில் வைத்த நத்தத்தனார் அவற்றை முடிச்சிட்டுக் காட்டவில்லை என்பது நம் குறை. 269 அடிகளில் அவர் கண்ட தீர்வு, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் வாயில். அங்கே வீமன் எழுதியதாகச் சொல்லப்படும் சமையல் நூல் வழுவாமல் சமைத்த உணவு, பொன் கலத்தில், மன்னனே நின்று பரிமாறப் பாணனுக்குக் கிடைக்கிறது. மன்னன் நல்லவன்தான், மறுக்கவில்லை. வாயிலைக் கண்டுபிடிக்க முடியாத பாணன் என்ன செய்தான்? கீரையைக் கிள்ளியிருப்பான்.

வேறு விதமாகப் பேசிய புலவரும் அந்நாளில் இருந்தார். புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் முன் நிற்கிறார். தமக்குச் சோறு கேட்கவில்லை. உணவென்பது நிலமும் நீரும் சேர்ந்தது, ஆகவே பள்ளம் கண்ட இடமெல்லாம் நீரைத் தேக்கு என்கிறார். மறுமைச் செல்வம் வேண்டுமா, உலகை ஒருவனாய் ஆள வேண்டுமா, புகழ் வேண்டுமா, மூன்றுக்கும் அவர் காட்டும் வழி ஒன்றே: நீர்நிலை. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி பிறந்த பாண்டியர் குடியினன் முன் நின்று, மறுமைக்கும் மண்வெட்டியையே பரிந்துரைத்த துணிவை என்னென்பது! மோசிகீரனார் 186ஆம் பாட்டில் நெல்லும் நீரும் உயிரல்ல, மன்னனே உலகுக்கு உயிர் என்றார். அதை உணர்வது மன்னன் கடமை என்று முடித்தார் என்பதால் வெறும் முகமன் என்று தள்ளமாட்டோம். எனினும் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் நம் மனம் குடபுலவியனார் பக்கமே சாய்கிறது.

ஏரி வெட்டச் சொன்ன அவரும், கரையில் யார் யார் இறங்கலாம் என்று சொல்லவில்லை. சொல்லாத அந்தச் சொல்லுக்கு விலை கொடுத்தோர் பலர். மராட்டிய மண்ணின் மகாத் நகரில், நகராட்சி எல்லோருக்கும் திறந்துவிட்ட சவுதார் குளத்தில், 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தம் மக்களோடு இறங்கி ஒரு கை நீர் பருகினார். அதன்பின் சாணமும் கோமியமும் குடம் குடமாக ஊற்றி, மந்திரம் ஓதி, குளத்தைத் ‘தூய்மை’ செய்தார்கள்! மாடு குடித்தபோது கெடாத நீர். மனிதன் குடித்ததும் கெட்டதாம். மாட்டின் கழிவால் மீண்டும் தூயதாயிற்றாம். பழங்கதை என்று நகைத்துவிட்டு நகர முடியவில்லை. 2022 டிசம்பரில், நம் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியிலே மனித மலம் கிடந்தது. ஐந்திணை அழகைப் பேசும் மேடையில் அந்தத் தொட்டிக்கும் இடம் உண்டா?

படிப்பகத் தோழர்கள் பத்துப்பாட்டு வகுப்பு நடத்துவதாக எழுதுகிறார்கள், மகிழ்ச்சி. உ.வே.சாமிநாதையர் 1889இல் அச்சேற்றித் தந்த நூல் அது. வழவழப்பான வருணனைப் பகுதிகளை மட்டும் பொறுக்கிப் படிக்காமல், அந்த இருண்ட அட்டிலிலிருந்து தொடங்குங்கள். அடுத்துப் பட்டினப்பாலையை எடுக்கலாம். அதில் புகார் நகரத்து அறச்சாலைகளில் சோறு வடித்த கஞ்சி ஆறாகத் தெருவில் ஓடுகிறது. காளைகள் முட்டி அது சேறாகிறது. உலை வைத்தவர் யார், கஞ்சி வடித்தவர் யார், அந்த அறச்சாலையின் வாயிலில் யார் நின்றார் என்று கேட்டுப் படியுங்கள். கண்டதை நமக்கு எழுதுங்கள்.