கான்டெஸாவின் இழுவைக்கு எங்கே செலவு செய்வது?

பழைய கான்டெஸா ஒன்றை வாங்கியவர் பட்டறைக்குப் போனதும் முதலில் மாற்றச் சொல்வது சைலன்சரை. அடுத்து கோன் ஃபில்டர், அகலமான வீல், பிறகு கையில் காசு மிஞ்சினால் எஞ்சின். கொங்குப் பகுதியில் வேரூன்றிவிட்ட இந்த வரிசை தலைகீழானது. குறைந்த செலவில் இழுவை வேண்டுமென்றால் எஞ்சினில் தொடங்க வேண்டும். சைலன்சர் கடைசியில் வரலாம், வராமலும் போகலாம்.

இந்தியாவின் மஸில் கார் என்ற பெயர் கான்டெஸாவுக்கு அதன் உடல்வாகால் வந்தது. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் வண்டியின் வடிவத்தை வாங்கி, 1984-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் நீண்ட மூக்குக்குள் இருந்தது அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின்தான். ஐம்பது குதிரைத்திறன் சொச்சம். பின்னால் வந்த இசுசு 1817 சிசி பெட்ரோல் எஞ்சின்தான் அந்த உடம்புக்கு ஓரளவு ஈடுகொடுத்தது. புதிதில் ஏறத்தாழ 85 குதிரைத்திறன். 2002-இல் உற்பத்தி நின்றது. அப்படியானால் இன்று ஓடும் மிக இளைய கான்டெஸாவுக்கே இருபது வயது தாண்டிவிட்டது. வால்வு இருக்கைகள் கசிந்து, ரிங் தேய்ந்து, டைமிங் நகர்ந்து, அந்த 85-இல் ஒரு பகுதி ஏற்கெனவே போயிருக்கும். புதிதாகச் சேர்க்கும் முன், போனதை மீட்பதுதான் மலிவான குதிரைத்திறன். இதைச் சொல்லும் பட்டறைகள் குறைவு. மீட்ட வேலை பானட்டைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதே காரணம்.

டர்போ இல்லாத எஞ்சின் வெளிக்காற்றின் அழுத்தத்தை மட்டுமே நம்பி மூச்சு விடுகிறது. கோவை கடல்மட்டத்துக்கு மேல் நானூறு மீட்டர் சொச்சம். இங்கேயே காற்றின் அடர்த்தி நான்கு சதவீதம் போலக் குறைவு. 2240 மீட்டர் உயரத்து ஊட்டிக்கு ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கோத்தகிரி வழியாக ஏறும்போது கான்டெஸா திணறுவதை மெக்கானிக்கின் குற்றம் என்று நினைப்பவர்கள் உண்டு. பெருமளவு குற்றம் மலையுடையது. இந்த வகை எஞ்சினில் செய்யும் எந்த வேலையும் இந்த வரம்புக்குள்தான் நிற்கும். சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைப் புகுத்தலாம், புகுந்த காற்றை நன்றாக எரிக்கலாம், அல்லது எஞ்சினை வேகமாகச் சுழலவிடலாம். நான்காவது வழி இல்லை.

கோன் ஃபில்டரை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பெட்டிக்குள் இருந்த ஃபில்டரை எடுத்துவிட்டு, ரேடியேட்டர் அருகே திறந்த ஃபில்டரை மாட்டுகிறார்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது பானட்டுக்குள் 60 டிகிரிக் காற்றை அது உறிஞ்சினால் அடர்த்தி ஏழு சதவீதத்துக்கு மேல் போய்விடும். நல்ல ஹெடரும் ஃப்ரீ ஃப்ளோ குழாயும் சேர்ந்து இப்படிப்பட்ட எஞ்சினில் தருவது ஐந்தாறு சதவீதம் என்றால், ஒரு கையில் வாங்கியதை மறு கையில் கொடுத்தாயிற்று. உறிஞ்சும் ஓசை மட்டும் பெரிதாகும். கருமத்தம்பட்டி, சோமனூர்ப் பக்கம் தறிக்கூடங்களிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசி திறந்த ஃபில்டரில் படிவது தனிக் கதை. பழைய பெட்டியை வைத்துக்கொண்டு, கிரில் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வர ஒரு குழாய் இழுத்தால் செலவு சில நூறு ரூபாய்.

ஹெடரை நான் ஒதுக்கவில்லை. நான்கு சிலிண்டரின் புகையும் ஒன்றையொன்று முட்டாமல் வெளியேற, நீளம் பார்த்து வளைத்த குழாய் உண்மையிலேயே உதவும். நீளம் பார்க்காமல், கிடைத்த விட்டத்தில் வெல்ட் வைத்த குழாய் சத்தத்தைத்தான் கூட்டும். விட்டம் அளவுக்கு மீறிப் பெருத்தால் புகையின் வேகம் தளர்ந்து, கீழ் ஆர்பிஎம்மில் இழுவையும் குறையும்.

கோவையின் உண்மையான பலம் ஹெட் வேலையில் இருக்கிறது. பம்பும் மோட்டாரும் ஜவுளி எந்திரமும் செய்து பழகிய ஊர் இது. வால்வு இருக்கையைச் சரியான கோணங்களில் வெட்டவும், போர்ட்டில் வார்ப்பின் பிசிறை இழைக்கவும், ஹெட்டை ஃபேசிங் செய்து கம்ப்ரஷனைக் கொஞ்சம் உயர்த்தவும் இங்கே கை இருக்கிறது. ஆனால் கம்ப்ரஷனில் மயங்கக் கூடாது. 8.5-லிருந்து 9.5-க்கு உயர்த்தினால் கோட்பாட்டுக் கணக்கில் மூன்று சதவீதம் கூடும், அவ்வளவே. அதற்கு மேல் ஆசைப்பட்டால் சித்திரை வெயிலில் எஞ்சின் தட்டும். கேம் ஷாஃப்டை மாற்றி அரைப்பது இன்னும் ஆபத்தான ஆசை. கேம் சக்தியை மேல் ஆர்பிஎம்முக்கு நகர்த்துகிறது. அவிநாசி ரோட்டு சிக்னல்களில் இரண்டாயிரம், மூவாயிரத்தில் ஓடும் வண்டிக்கு அது நட்டக் கணக்கு.

பலரும் கவனிக்காத மாற்றம் எரிபொருளில் நடந்திருக்கிறது. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதன் ஆக்டேன் தரம் 95; பழைய 91-ஐ விடத் தட்டலைத் தாங்கும். டைமிங்கைக் கொஞ்சம் முன்னே நகர்த்த அது இடம் தருகிறது. ஆனால் ஒரு கிலோ சாதாரண பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டிய இடத்தில் இந்தக் கலவைக்கு 13.5 போதும். பழைய ஜெட்டோடு ஓடும் கார்புரேட்டர் எட்டு சதவீதம் போல பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கிறது. வண்டி சூடாகிறது, ஆக்ஸிலேட்டர் மிதித்ததும் ஒரு கணம் தயங்குகிறது. ஜெட்டை மாற்றி, டைமிங் வைத்து, எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டால் எந்த சைலன்சரும் தராத பிக்கப் திரும்பும். கான்டெஸா வைத்திருப்பவர் இந்த ஆண்டு ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யட்டும்.

எடையைக் குறைப்பதும் இழுவைதான். கோவைப் பந்தயக்காரர் கரிவரதன் 1980-களில் ஃபார்முலா மாருதி பந்தய வண்டியைக் கட்டியபோது கையில் இருந்தது மாருதி 800-இன் சிறிய 796 சிசி எஞ்சின். அவர் அதைச் சுமக்கும் உடம்பை இளைக்க வைத்தார். இலகுவான குழாய்ச் சட்டத்தில் அதே எஞ்சின் பந்தயம் ஓடியது. பந்தய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனின் தொடக்கமும் அந்த வண்டியில்தான். 1995-இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். செட்டிபாளையம் ஓட்டப்பாதை அவர் பெயரைத் தாங்குகிறது. அவர் விட்டுச்சென்ற பாடத்துக்கு நேர்மாறாகத்தான் கான்டெஸாவின் டிக்கியில் ஊஃபர் பெட்டி ஏறுகிறது. 1200 கிலோ வண்டியில் 50 கிலோ குறைத்தால் மூன்றரைக் குதிரைத்திறன் சேர்த்ததற்குச் சமம், அதுவும் இலவசமாக. பெரிய வீலும் இதே தவறுதான்: டயரின் விட்டம் ஐந்து சதவீதம் பெருத்தால் சக்கரத்தில் இழுவை அதே ஐந்து சதவீதம் குறையும்.

வண்டியை மாற்றிக்கட்டும் பழக்கத்தின் பெரிய குறை அளவீடு இல்லாதது. டைனோவில் ஏற்றாமலே "பதினைந்து எச்பி ஏறியிருக்குதுங்க" என்கிறார்கள். டைனோ செலவு கட்டாதென்றால், நான்காம் கியரில் 60-லிருந்து 100 எட்டும் நேரத்தை வேலைக்கு முன்னும் பின்னும் எடுக்கலாம். இடம் தேசிய நெடுஞ்சாலை 544 ஆகாது. செட்டிபாளையம் இருக்கிறது, கருமத்தம்பட்டியிலேயே 3.8 கிலோமீட்டர் நீளத்தில் கோஸ்ட் ஓட்டப்பாதையும் வந்துவிட்டது.

சட்டமும் எஞ்சினில் தொடங்கும் வரிசையைத்தான் ஆதரிக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ வைத்தது. அலறும் சைலன்சர் முதல் சோதனைச் சாவடியிலேயே மாட்டும். வால்வு, ரிங், ஜெட் எல்லாம் பழுதுபார்ப்புக்குள் அடங்கும்.

ஹெட் வேலைக்குக் கொடுப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இசுசு ஹெட் இனி புதிதாக வார்க்கப்படப் போவதில்லை. சீவிய உலோகம் திரும்ப ஒட்டாது. ஹெட்டில் எவ்வளவு சீவி எடுத்தார்கள், என்ன ஜெட் போட்டார்கள், டைமிங் எங்கே நிற்கிறது என்று பட்டறையிலிருந்து எழுதி வாங்கி வண்டிக் காகிதங்களோடு வையுங்கள். அடுத்த முறை அந்த ஹெட்டைக் கழற்றுபவர் வேறு மெக்கானிக்காக இருப்பார்.